கேஸைக் குறைத்தால் எண்ணெய் கூடுமா?

பாலக்கோடு பக்கம் ஆயிரம் அடி துளைத்தும் கொஞ்சமாக ஊறும் போர்வெல்களுக்குக் கம்ப்ரசர்தான் கதி. சன்னமான குழாயில் இறங்கும் காற்று குமிழாகக் கலந்து தண்ணீரின் பாரத்தைக் குறைக்கும். போர்வெல்லில் நிற்கும் தண்ணீரே அந்தக் கலவையை மேலே தள்ளிவிடும். கோடையில் மட்டம் இறங்கி, தக்காளிக்குப் பாய வேண்டிய குழாயில் காற்றுதான் அதிகம் வந்தது. "பெரிய கம்ப்ரசரா மாத்திடலாமாடா?" என்றார் சித்தப்பா. "வேணாம் சித்தப்பா, கொஞ்ச நேரம் நிறுத்தி ஊற விடுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. காற்றைக் கூட்டுவது மட்டுமே வழியல்ல என்பதை என் அலுவலகத்திலும் லேசில் நம்ப மாட்டார்கள்.

எனக்கு எண்ணெய்க் கிணறுகளில் கேஸ் லிஃப்ட் வேலை; அதாவது கம்ப்ரசர் காற்றைப் போல எரிவாயுவை இறக்கி எண்ணெயை மேலே ஏற்றுவது. எண்ணெய் வயல் புதிதாக இருக்கும்போது பாறையின் அழுத்தமே எண்ணெயைத் தள்ளிவிடும். 1976-ல் உற்பத்தி தொடங்கிய, மும்பைக் கடலில் உள்ள மும்பை ஹை மாதிரி வயதான வயல்களில் பெரும்பாலான கிணறுகளுக்கு கேஸ் லிஃப்ட் வேண்டும். 2000 மீட்டர் குழாயில் தண்ணீர் நின்றால் அடியில் சுமார் 200 பார் அழுத்தம்; அதை மீறித்தானே எண்ணெய் உள்ளே வர வேண்டும்? அதனால் கேசிங் என்ற வெளிக்குழாய்க்கும் எண்ணெய் ஏறும் டியூபிங் என்ற உள்குழாய்க்கும் நடுவே எரிவாயுவை இறக்கி, ஆழத்தில் உள்ள வால்வு வழியாக உள்ளே விடுவோம். காற்றை விட்டால் அதிலுள்ள ஆக்சிஜன் வெடிக்க வைக்கும், குழாயையும் அரிக்கும்.

உற்பத்தி குறைந்தால் மேலிடத்திலிருந்து வரும் முதல் சொல், "கேஸைக் கூட்டு". ஓரளவுக்குச் சரிதான். அதைத் தாண்டினால் குமிழ்கள் ஒன்றுசேர்ந்து பெரிய திரளாகி, கடைசியில் வாயு நடுவே விரைந்து போக, எண்ணெய் சுவரோரம் ஒட்டிக்கொண்டு ஏறும். உராய்வு கூடும்; பாரத்தில் மிச்சம் பிடித்ததை உராய்வில் விட்டுவிடுவோம்.

அப்படி ஒரு கிணற்றில் கேஸைக் குறைக்கலாம் என்றேன். "குறைத்தால் கிணறு விக்கும்" என்றார் ஷிஃப்டில் இருந்த மூத்தவர். அந்தப் பயம் நியாயமானது. கேஸ் ரொம்பக் குறைந்தால் ஓட்டம் நின்று நின்று வரும், சார்ட்டில் அழுத்தக் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். ஆகவே கொஞ்சம் குறைப்போம், ஓட்டம் நிதானப்படும் வரை காத்திருப்போம், எண்ணெயையும் வாயுவையும் பிரித்து அளக்கும் டெஸ்ட் செப்பரேட்டரில் அளப்போம். அப்புறம் மறுபடி கொஞ்சம். பொறுமையைச் சோதிக்கும் வேலை. எண்ணெய் வரத்து மெல்லக் கூடியது. கோடு லேசாக ஆடத் தொடங்கியதும் ஒரு படி திரும்பி நிறுத்தினோம்.

மிஞ்சிய கேஸ், பற்றாமல் கிடந்த பக்கத்துக் கிணற்றுக்குப் போனது. என்னைக் கேட்டால் அசல் லாபம் அங்கேதான். ஆனாலும் தினசரி அறிக்கையில் 'கேஸ் குறைப்பு' என்ற வரிக்கு இன்னும் விளக்கம் கேட்டு மெயில் வருகிறது.