ச′(க) = ச(1/க): வகையிட்டதும் நுழைந்த கூடுதல் மாறிலி

இந்த முறை கையில் எடுத்தது ச′(க) = ச(1/க), க > 0. ச என்பது நாம் கண்டுபிடிக்க வேண்டிய சார்பு; ச′, ச″ அதன் முதல், இரண்டாம் வகைக்கெழுக்கள். க, த மாறிகள்; ப, ந மாறிலிகள்.

உள்ளே 1/க உட்கார்ந்திருக்கும்வரை வழக்கமான முறை எதுவும் ஒட்டாது. அதை வெளியேற்ற இன்னொரு தடவை வகையிட வேண்டும். சங்கிலி விதிப்படி ச″(க) = −ச′(1/க)/க². சறுக்குவது இங்கேதான். ச′(1/க) என்றால் முதலில் ச-வை வகையிட்டு, பிறகு 1/க-ஐப் போடுவது. ச(1/க)-இன் வகைக்கெழு அல்ல. மூலச் சமன்பாட்டிலேயே க இருக்கும் இடத்தில் 1/க போட்டால் ச′(1/க) = ச(க). ஆக, க²ச″ + ச = 0.

இது ஆய்லர் வகை, அதாவது எத்தனையாவது வகைக்கெழுவோ அத்தனையாவது க-அடுக்கு அதோடு பெருக்கப்பட்டிருக்கும் சமன்பாடு. ச-வுக்கு க-இன் ம-ஆம் அடுக்கைப் போட்டால் ம² − ம + 1 = 0. மூலங்களின் மெய்ப்பகுதி 1/2, கற்பனைப் பகுதி ±√3/2. ட = (√3/2) × (க-இன் இயல் மடக்கை) என்று வைத்தால்,

ச = √க (ப கொசைன் ட + ந சைன் ட)

இதோடு பேனாவை மூடிவிடக் கூடாது. ப = 1, ந = 0 போட்டுப் பாருங்கள்: ச(1) = 1, ஆனால் ச′(1) = 1/2. மூலச் சமன்பாடு கேட்பது ச′(1) = ச(1). வகையிட்டபோது அந்தக் கட்டுப்பாடு நழுவிப்போய், வேண்டாத தீர்வும் உள்ளே வந்துவிட்டது. ப/2 + (√3/2)ந = ப என்பதிலிருந்து ந = ப/√3. மிஞ்சுவது ஒரே மாறிலி. ச′(க) = ச(−க) கணக்கிலும் இதே கதை: ச″ = −ச, க = 0-இல் சரிபார்த்தால் இரு மாறிலிகளும் சமம்.

அடுத்தது, எல்லா மெய்யெண்களுக்கும் ச(க+த) = ச(க) + ச(த) + கத(க+த). த-வைப் பொறுத்து வகையிட்டு த = 0 போட்டால் ச′(க) = ச′(0) + க²; ச(0) = 0 என்பதால் ச = ப க + க³/3. விடை சரி, ஆனால் ச வகையிடத்தக்கது என்று யார் சொன்னது? தொடர்ச்சி மட்டும் தரப்பட்டிருந்தால் த-வை 0 முதல் 1 வரை தொகையிடுங்கள். இடப்பக்கம் க முதல் க+1 வரையிலான தொகையாகிவிடும், அது வகையிடத்தக்கது. வலப்பக்கம் ச(க) + மாறிலி + க²/2 + க/3. எனவே ச-வும் வகையிடத்தக்கதே. தொகையிடல் பிடிக்காதவர்கள் க³/3-ஐக் கழித்துவிட்டால் கோஷியின் கூட்டல் சமன்பாடு, அதாவது ச(க+த) = ச(க) + ச(த) வடிவம், மிஞ்சும்; அதற்குத் தொடர்ச்சியே போதும்.

தொடர்ச்சியும் இல்லையென்றால், 1905-இல் கணிதவியலர் ஹேமல் அமைத்துக் காட்டிய கோணல் தீர்வுகளும் வந்து சேரும். அவற்றின் வரைபடம் கோடாக இராது. தளம் முழுக்க அடர்ந்து பரவும்.