இரண்டாவது முறை கல்லூரி மாறிய மகளும் ஒரு தடை உத்தரவும்

என் மகள் அமெரிக்காவில் டிவிஷன் 1 எனப்படும் உயர்மட்டப் பிரிவின் கல்லூரி அணிகளில் டென்னிஸ் ஆடியவள். 2023 கோடையில் இரண்டாவது தடவையாகக் கல்லூரி மாறினாள். முதல் தடவை மாறியது படிப்புக்காக. இரண்டாவது தடவை, அவளை அணிக்கு அழைத்த பயிற்சியாளரே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அவர் போன இடத்தில் உடனே வேலையைத் தொடங்கலாம். அவரை நம்பி வந்த பெண் மட்டும் ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

அன்றைய விதி இதுதான். 2021இல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ எல்லா விளையாட்டிலும் ஒரு முறை கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்று அனுமதித்தது. இளநிலைப் பட்டம் முடிக்காமல் இரண்டாவது முறை மாறினால் ஓர் ஆண்டு போட்டியில் இறங்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் போகலாம். ஆட வேண்டுமென்றால் வெய்வர், அதாவது விதிவிலக்கு, வாங்க வேண்டும். 2023 ஜனவரியில் அதையும் இறுக்கினார்கள். உடல்நலம், மனநலம், தாக்குதலுக்கு ஆளானது போன்ற கடுமையான காரணங்கள்தான் எடுபடும் என்ற நிலை. விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் புதிய கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அதிகாரி எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகவே சொன்னார்: "பயிற்சியாளர் போனது இந்தப் பட்டியலில் வராது. விண்ணப்பித்தாலும் பலன் இருக்காது." சரி என்று கேட்டுக்கொண்டோம். அந்த இலையுதிர் பருவத்தில் மற்ற பெண்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்புவார்கள்; இவள் விடுதியிலேயே இருப்பாள்.

டிசம்பர் 7 அன்று ஒஹாயோ உட்பட ஏழு மாநிலங்கள், மேற்கு வர்ஜீனியா வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் என்சிஏஏ மீது வழக்குத் தொடுத்தன. நாங்கள் குடியிருக்கும் வட கரோலினாவும் அதில் ஒன்று. வணிகப் போட்டியைத் தடுப்பதற்கு எதிரான ஷெர்மன் சட்டத்தை இந்த விதி மீறுகிறது என்பது வாதம். டிசம்பர் 13 அன்று நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி 14 நாள் தற்காலிகத் தடை உத்தரவு போட்டார்.

அன்று இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே குழப்பம். வழக்குப் போட்ட ஏழு மாநிலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்பது முதல் கேள்வி. மகளின் கல்லூரி அந்த ஏழில் இல்லாத மாநிலத்தில் இருக்கிறது. உத்தரவைத் தேடி எடுத்துப் படித்தோம். விதியை அமல்படுத்தக் கூடாது என்று என்சிஏஏவுக்கே தடை போட்டிருந்ததால், எந்த மாநிலத்தில் படித்தாலும் அது பொருந்தும்.

அதைவிட முக்கியமான இன்னொரு பகுதியும் அதில் இருந்தது. நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒரு வீரர் ஆடி, பிறகு அந்த உத்தரவு மேல்முறையீட்டில் ரத்தானால், அணி பெற்ற வெற்றிகளை அழிக்கவும் கல்லூரிக்குத் தண்டனை விதிக்கவும் என்சிஏஏவிடம் ரெஸ்டிடியூஷன் என்றொரு விதி இருக்கிறது. இந்தப் பயத்தால்தான், கோர்ட்டில் ஜெயித்தாலும் பிள்ளையைக் களத்தில் இறக்கக் கல்லூரிகள் தயங்கும். பெய்லி அந்த விதியையும் பயன்படுத்தக் கூடாது என்று சேர்த்தே தடுத்திருந்தார். அது இல்லாமல் போயிருந்தால் மகளின் கல்லூரி துணிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்படியும் 14 நாளுக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்தது. கூடைப்பந்து பருவம் நடந்துகொண்டிருந்ததால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நெருக்கடி அதிகம். இரண்டே நாளில், தடையை வசந்தகாலப் பருவம் முடியும்வரை நீட்டிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. கல்லூரிகளுக்கு இடையிலான டென்னிஸ் ஆட்டங்கள் ஜனவரியில்தான் தொடங்கும். எங்களுக்கு உயிர் வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கல்லூரி மாறுவதற்கான தடை விதி போனாலும் படிப்பு விதி அப்படியே இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஆட வேண்டுமென்றால் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக்கு 60. மகளின் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பு அலகு); அதில் 40 சதவீதம், அதாவது 48 தேவை. முந்தைய இரண்டு கல்லூரிகளிலும் சேர்த்து அவள் 62 கிரெடிட் முடித்திருந்தாள். புதிய கல்லூரி அதில் பட்டத்துக்கென்று கணக்கில் எடுத்தது 34தான். மற்றவையெல்லாம் 'பொது விருப்பப் பாடம்' என்ற தலைப்பின் கீழ் சும்மா கிடந்தன. இலையுதிர் பருவத்தின் 12 சேர்ந்தால் 46. இரண்டு குறைகிறது. எப்படியும் ஆடப்போவதில்லை என்று இருந்ததால் அதுவரை யாரும் அந்தத் தாளைத் தோண்டிப் பார்க்கவே இல்லை.

பட்டியலை வரிவரியாகப் பார்த்தோம். முதல் கல்லூரியில் படித்த புள்ளியியல், 3 கிரெடிட், விருப்பப் பாடமாகப் போயிருந்தது. புதிய பட்டத்திலோ புள்ளியியல் கட்டாயப் பாடம். பழைய பாடத்திட்டம் கிடைத்தால் மறுமதிப்பீடு கேட்கலாம் என்று படிப்பு ஆலோசகர் சொன்னார். கிறிஸ்துமஸ் விடுமுறை, எல்லா அலுவலகமும் பூட்டு. மகள் அந்தப் பழைய பேராசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினாள். அந்த மனிதர் விடுமுறையிலும் பதில் போட்டு, வாரவாரியான பாடப் பட்டியல், பாடநூலின் பெயர் எல்லாம் இருந்த பிடிஎஃபை அனுப்பினார். அவருக்கு நாங்கள் பெரிய கடன் பட்டிருக்கிறோம். ஜனவரியில் அலுவலகம் திறந்ததும் துறைத் தலைவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டார். 49 ஆயிற்று. அப்புறம்தான் மகளின் பெயர் தகுதிப் பட்டியலில் ஏறியது.

பல முறை கல்லூரி மாறுகிறவர்களின் படிப்பு பின்தங்கும் என்று என்சிஏஏ வாதிட்டது. எங்கள் அனுபவத்தில் அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மருந்து, கிரெடிட் கணக்கை மாறும் முன்பே பிள்ளையின் கையில் கொடுப்பது. ஓர் ஆண்டு பெஞ்சில் உட்கார வைத்தால் போன கிரெடிட் திரும்பி வராது. கல்லூரி மாறுவதற்கான என்சிஏஏ போர்ட்டலில் பெயர் கொடுக்க நினைக்கும் பிள்ளைகள், போகிற கல்லூரியிடம் எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்று கேட்காதீர்கள். இந்தப் பட்டத்துக்கு எத்தனை சேரும் என்று எழுத்தில் கேளுங்கள். படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் அந்தப் பருவத்திலேயே சேமித்துவையுங்கள்.

2024 ஜனவரியில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமும் மேலும் சில மாநிலங்களும் வழக்கில் சேர்ந்தன. ஏப்ரலில் என்சிஏஏ தானே விதியை மாற்றியது: படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். மே 30 அன்று அறிவித்த சமரச ஆணையின் வரைவில், 2019-20 முதல் இந்த விதியால் ஆண்டை இழந்தவர்களுக்கு ஓர் ஆண்டு கூடுதல் வாய்ப்பும் இருந்தது. மகளுக்கு அது பொருந்தவில்லை. வசந்தத்தில் ஆடிவிட்டதால் அவளுக்கு அது ஒரு பருவமாகக் கணக்காகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி முழு ஆண்டும் உட்கார்ந்த பிள்ளை இருந்தால், கம்ப்ளையன்ஸ் அலுவலகம் கூப்பிடும் என்று காத்திருக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள்.