கதவு மூடித்தானே இருக்கு?

2024 ஜூன் 8, சனி

தம்பி கட்டாரில் இருந்து அனுப்பிய பார்சல் நேற்று இலங்கை மலையகத்தில் இருக்கிற எங்கள் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளைப் பெட்டி, கொஞ்சம் வயர், ஒரு காந்த சென்சர். கராஜ் ரோலர் கதவை வைஃபையில் இணைக்கிற சாமான் இது. "ரிமோட் நல்லாத்தானே வேலை செய்யுது, இது எதுக்கு?" என்று அம்மா கேட்டார்.

அப்பாவுக்காகத்தான். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டு, டிக்கோயாப் பக்கத் தோட்டங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருவார். இரண்டு வளைவு தாண்டியதும், கதவை மூடினோமா என்ற யோசனை வந்துவிடும். வேனைத் திருப்பிக்கொண்டு வந்து பார்ப்பார். கதவு மூடித்தான் இருக்கும். அதற்குள் பத்து நிமிடம் போய்விடும், கடைசியாக ஏறுகிற பிள்ளை அந்தப் பத்து நிமிடமும் மழையில் நிற்கும். போன மாதம் மட்டும் நான்கு தடவை இப்படி.

அப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மேல் தோட்டத்தில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிப் போனதிலிருந்து, எங்கள் நாய் மணியை இரவில் கராஜுக்குள் விட்டுத்தான் மூடுகிறோம். நன்றாக விடியும்வரை அது உள்ளேதான் படுத்திருக்கும். ஆகவே எங்களுக்குக் கதவைத் திறப்பது பெரிய விஷயமில்லை. அது மூடியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பெட்டி செய்கிற வேலை சின்னது. சுவரில் இருக்கிற மோட்டர் பொத்தானின் இரண்டு வயரையும் அரை விநாடி தொடுத்துவிடும், விரலால் அமுக்குவது போல. கதவு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது சென்சர்தான். சரிவை வைத்துக் கண்டுபிடிக்கிற சென்சரைத்தான் தம்பி முதலில் பார்த்திருந்தான். அது பலகை பலகையாக மேலே மடிந்து போகிற கதவுக்குச் சரி. எங்களுடையது உருளையில் சுருளுகிற கதவு, காந்தம்தான் பொருந்தும் என்று சொல்லி மாற்ற வைத்தேன். இங்கே கரண்ட் 230 வோல்ட் என்பதையும் நினைவூட்டினேன். அமெரிக்காவுக்கென்று செய்த 120 வோல்ட் சாமான்களும் அதே கடையில் விற்பனைக்கு இருந்தனவாம்.

2024 ஜூன் 9, ஞாயிறு

வயர் வேலையை மின்வேலை செய்கிற பையன் காலையிலேயே முடித்துவிட்டான். வைஃபையில் சேர்க்க எனக்கு மாலை வரை ஆனது.

பொத்தானை ஐந்து விநாடி அமுக்கிப் பிடித்தால் நீல லைட் வேகமாகச் சிமிட்டும். அந்த நேரத்தில் போனில் வைஃபை பெயரையும் பாஸ்வர்டையும் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் பெட்டி கிடைக்கவில்லை என்று வந்தது. ஐந்து தடவையும் அதே கதை.

தடைகள் மூன்று இருந்தன. ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுக்காமல் இருந்தேன். அது இல்லாவிட்டால் எந்த வைஃபையில் போன் நிற்கிறது என்றே ஆப்புக்குத் தெரியாது. அப்புறம் எங்கள் ரவுட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸையும் 5 கிகாஹேர்ட்ஸையும் ஒரே பெயரில் விடுகிறது. போன் 5இல் போய் உட்கார்ந்துகொண்டது, பெட்டிக்கோ 2.4 மட்டும்தான் கேட்கும். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். மூன்றாவது, பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருந்தது. இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகள் பலதுக்கு அது புரியாது. 2.4க்கு மட்டும் டபிள்யூபிஏ2 ஆக்கினேன்.

பெட்டியைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுவந்து, ரவுட்டர் பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் வயரில் செருகிப் பார்த்தேன். இருபது விநாடியில் சேர்ந்துவிட்டது! சந்தோஷத்தோடு கராஜில் திரும்பப் பூட்டினேன். சிவப்பு லைட், இணைப்பு இல்லை.

2024 ஜூன் 12, புதன்

"பனி இறங்கினா சிக்னல் நிக்காது புள்ள" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான், நானும் நம்பியிருந்தேன். அதனால் அளந்து பார்த்தேன். நேற்று மாலை எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாத பனியில் கராஜ் வாசலில் நின்று போனில் பார்த்தபோது மைனஸ் 82 டிபிஎம். இன்று மத்தியானம் அபூர்வமாக வெயில் எறித்தபோது அதே இடத்தில் மைனஸ் 83. இந்த எண் பூச்சியத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் பலம். மைனஸ் 70க்குக் கீழே போனால் சின்னப் பெட்டிகள் திணறும்.

ஆக, பனிமேல் பழி போடக் கூடாது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்றிமீற்றர். பனித்துளி கண்ணுக்கே தனியாகத் தெரியாத அளவு, அது அந்த அலையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. சிக்னலைத் தின்பது எங்கள் வீட்டுச் சுவர்தான். பழைய கருங்கல் கட்டு, ஒன்றரை அடித் தடிப்பு. அதைத் தாண்டிப் போனாலும் கராஜைச் சுற்றித் தகரம், முன்னால் இரும்புக் கதவு. தகரத்தில் பட்டால் அலை திரும்பித்தான் போகும்.

2024 ஜூன் 15, சனி

அலமாரியில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை எடுத்தேன். ஹாலில் இருந்து சமையலறை ஜன்னல் வரை 22 மீற்றர் லேன் கேபிள் இழுத்தோம். நூறு மீற்றர் வரை போகலாம், அதனால் நீளம் பிரச்சினையில்லை. பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தினேன். முகவரி கொடுக்கிற வேலையை ஹாலில் இருக்கிறது மட்டும் செய்தால் போதும், இரண்டும் கொடுத்தால் குழப்பம். ஹால் ரவுட்டருக்குச் சனல் 1, இதற்கு 6. இந்த இரண்டும், 11உம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாத சனல்கள்.

சமையலறை ஜன்னல் மரச் சட்டமும் கண்ணாடியும், நேரே கராஜைப் பார்த்தது. அங்கே வைத்ததும் கராஜ் வாசலில் மைனஸ் 57. நீல லைட் அசையாமல் நின்றது.

சென்சர்தான் கொஞ்சம் படுத்தியது. காந்தத்தைக் கதவின் அடிச்சட்டத்திலும் சென்சரைச் சுவர் ஓரத்திலும் திருகியிருந்தோம். இடைவெளி மூன்று சென்றிமீற்றர். காற்றில் கதவு லேசாக ஆடினாலே போனில் திறந்திருக்கிறது என்று வந்தது. ஒரு மரத்துண்டைச் செதுக்கி அடியில் கொடுத்து, ஒரு சென்றிமீற்றருக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் கதவைக் கையால் உலுக்கிப் பார்த்தேன், சொல் மாறவில்லை.

2024 ஜூன் 16, ஞாயிறு

நடுச்சாமத்தில் காற்றோடு கரண்ட் போனது. 2.10க்கு வந்தது. வந்த அடுத்த நொடியில் கீழே கடகடவென்று சத்தம். கராஜ் கதவு தானாக மேலே போகிறது!

அப்பா டோர்ச்சை எடுத்துக்கொண்டு சாரத்தோடு ஓடினார், பின்னால் நான். கதவு முழுதாகத் திறந்து கிடந்தது, மணி உள்ளே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலைதான். அப்பா டோர்ச்சை அடித்துக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிட்டார், குரல் நடுங்கியது. செடிகளுக்குள் இரண்டு கண் மின்னியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் வாலை ஆட்டிக்கொண்டு மணி வெளியே வந்தது, உடம்பெல்லாம் ஈரம். அப்பா அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், வலிக்கிற வலது தோளிலேயே.

விடியும்வரை செட்டிங்குகளைப் பார்த்தேன். கரண்ட் திரும்பி வந்தால் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று ஆப்பில் ஓர் இடம் இருக்கிறது. அது ஆன் என்று இருந்தது. கரண்ட் வந்ததும் பெட்டி ஆன் ஆகிறது, இரண்டு வயரையும் தொடுக்கிறது, யாரோ பொத்தானை அமுக்கினார்கள் என்று மோட்டர் எடுத்துக்கொள்கிறது. ஆஃப் ஆக்கினேன். தொட்டதும் அரை விநாடியில் விட்டுவிட வேண்டும் என்பதையும் சரிபார்த்தேன். காலையில் ட்ரிப் சுவிட்சை ஏழு தடவை இறக்கி ஏற்றினோம். கதவு அசையவில்லை.

இந்த மாதிரிப் பெட்டி பூட்டுகிறவர்கள் வைஃபைக்கு முன்னால் இந்த ஒன்றைப் பாருங்கள். கரண்ட் போய் வருவது எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் வாரா வாரம் நடப்பது.

2024 ஜூன் 21, வெள்ளி, பொசன் போயா

பௌர்ணமி விடுமுறை, வேன் ஓட்டமில்லாத நாள். டவுனில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சல் கூட்டம். நாங்கள் கராஜில்.

கதவின் இரண்டு பக்கமும் தரையில் இருந்து 15 சென்றிமீற்றர் உயரத்தில் ஒளிக்கண் பூட்டினோம். குறுக்கே ஏதாவது வந்தால் இறங்குகிற கதவு நின்று மேலே போகும். மோட்டர் வாங்கிய கடையில், வீட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை என்றார்கள். நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1993 ஜனவரியில் இருந்து செய்கிற வீட்டுக் கராஜ் மோட்டர்களுக்கு, ஆள் நசுங்காமல் தடுக்கிற ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். பிள்ளைகள் நசுங்கிச் செத்த பிறகு வந்த சட்டம் அது. மழை நாட்களில் எங்கள் வாசலில் வேனுக்குக் காத்திருக்கிற சின்னதுகள் அந்தக் கதவடியில்தான் விளையாடும்.

வெறும் அட்டைப் பெட்டியை வைத்துப் பார்த்தோம். அதைத் தொடாமலே கதவு திரும்பியது. ஆனாலும் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். போனில் பார்க்கலாம், திறக்கலாம். மூடுவது மட்டும் வாசலில் நிற்கிறவர், கண்ணால் பார்த்து, ரிமோட்டால். ரிமோட்டுக்கு வைஃபை தேவையுமில்லை.

தம்பிக்கும் அதையே சொன்னேன். "சரிக்கா, நான் மூட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே ஒரு தடவை திறந்து காட்டினான். அம்மா கைதட்டினார். பெட்டிதான் உள்ளிருந்து வெளியே போய் இணையத்தில் ஆப்பின் சேவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதனால் ரவுட்டரில் எந்த வழியையும் திறந்துவிட வேண்டியதில்லை. ரவுட்டரின் அட்மின் பாஸ்வர்டை மாற்றினேன், ஆப்புக்கு இரட்டைச் சரிபார்ப்பும் போட்டேன். வீட்டுக் கதவு என்றால் இவ்வளவாவது வேண்டும்.

2024 ஜூன் 26, புதன்

அப்பாவுக்கு மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்தேன். போனில் பச்சை என்றால் கதவு மூடியிருக்கிறது, சிவப்பு என்றால் திறந்திருக்கிறது. சாம்பல் நிறம் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும். கரண்ட் இல்லாமல் மோட்டர் ஓடாது, கதவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

"அப்ப சங்கிலி?" என்று கேட்டார். கையால் இழுத்துத் திறக்கிற சங்கிலி உள்பக்கம் இருக்கிறது, வெளியில் இருந்து யாரும் தொட முடியாது என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

இன்று காலை இரண்டாவது வளைவில் வேனை ஓரமாக நிறுத்தி, போனைப் பார்த்திருக்கிறார். பச்சை. அப்படியே போய்விட்டார். கடைசிப் பிள்ளை ரோட்டுக்கு வரும்போது வேன் ஏற்கனவே அங்கே நின்றதாம். அதை அப்பா சாப்பிடும்போது இரண்டு தடவை சொன்னார்.

சமையலறைக் கேபிளில் ஒரு முழம் இன்னும் கூரைத் தண்ணீரில் நனைகிறது. நாளைக்குக் கடையில் பிவிசி குழாயும் கிளிப்பும் வாங்க வேண்டும்.