மாப்பிள்ளை வீட்டு ஓகே

பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாருக்குச் சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினார். "பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கலந்து பேசிச் சொல்லுங்கள்." ராத்திரி பதில் வந்தது: 'ஓகே.'

அவ்வளவுதான்.

"சம்மதம்னு சொல்லிட்டாங்க!" என்று சித்தி சாமி விளக்கை ஏற்றப் போனார். அத்தை தடுத்தார். "பிடிச்சிருந்தா சூப்பர்னு போட்டிருப்பாங்க. ஓகேன்னா சுமார்னு அர்த்தம். நேத்து என் வத்தக்குழம்பை உங்க மாமா ஓகேன்னுதான் சொன்னார், பாதிச் சட்டி மிச்சம்." கல்லூரி போகும் தம்பி கூர்ந்து பார்த்தான். "முற்றுப்புள்ளி வேற வச்சிருக்காங்க. கோபம்தான்." கல்யாணப் பெண் மிச்சமிருந்த பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். விடுவாரா? "அது கிண்டலுக்குப் பிறந்த வார்த்தை" என்று ஆரம்பித்தார். அமெரிக்காவில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு அப்போது ஒரு விளையாட்டாம்: வேண்டுமென்றே தப்புத்தப்பாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் போடுவது. 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' ஆக்கி, 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட்டில் 'ஓ.கே.' என்று அச்சடித்தார்கள். செவ்விந்தியரான சாக்டாக்களின் சொல் என்று நம்பி அதிபர் வில்சன் 'ஓகே'யின் ஸ்பெல்லிங்கையே 'okeh' என்று மாற்றி எழுதினாராம். கிரேக்கம் என்பவர்களும் உண்டு. 1960-களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர் பழைய பத்திரிகைகளைத் துழாவித்தான் பாஸ்டன் கதையை நிலைநாட்டினார்.

"தப்பா எழுதினதுக்கா இவ்வளவு மரியாதை?" என்றார் அத்தை.

"அடுத்த வருஷமே தேர்தல் வந்துதே! அதிபர் வான் பியூரனுக்குச் சொந்த ஊர் கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்'னு பட்டப்பெயர், அதுவும் ஓ.கே. ஆதரவாளர்கள் அந்தப் பெயரில் சங்கமே வச்சாங்க. நாடு பூரா பரவிடுச்சு."

"ஜெயிச்சாரா?"

"தோத்துட்டார்."

அத்தையின் முகம் மாறிவிட்டது. "சகுனமே சரியில்லை. போன் போட்டுத் தமிழ்ல பதில் சொல்லச் சொல்லு."

சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார். மாப்பிள்ளையின் அப்பா நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நல்ல தமிழிலேயே சொன்னார்: "பார்க்கலாங்க."

சித்தி, "பார்த்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன பார்க்கலாம்?" என்று ஆரம்பிக்க, பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பெண் எழுந்து தூங்கப் போய்விட்டாள்.