நெக்ரெட் திராட்சையில் ஒயின்: இரண்டாவது முயற்சி

போன வருடம் நசுக்கிய திராட்சையின் சாற்றைத் தோலோடு 12 நாள் ஊறவிட்டேன். நிறம் மை மாதிரி இறங்கியது, மணம்தான் எங்கோ போய்விட்டது. நெக்ரெட் திராட்சையைத் தேடிப் போவதே அதன் வயலெட் பூ வாசனைக்காகவும், அடியில் வரும் அதிமதுர வாசனைக்காகவும்தான். அதனால் இந்த முறை ஊறல் நாட்களைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்தேன்.

தென்மேற்கு பிரான்சில், துலூஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஃப்ரோன்தோன் வட்டாரம்தான் இந்தத் திராட்சையின் வீடு. பிரான்சிலேயே வேறு பகுதி ஆட்களுக்குப் பெயர் சொன்னால் தெரியாது. புனித யோவானின் வீரத் துறவிகள் சைப்ரஸிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று இங்கே ஒரு கதை உண்டு. 1975இல் இந்த வட்டார ஒயினுக்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது.

செப்டம்பர் 20. தோட்டக்காரர் ஒருவரிடம் 20 கிலோ வாங்கினேன். நெக்ரெட் கொத்து அவ்வளவு நெருக்கம், பழங்களுக்கு இடையில் விரல் நுழையாது. மழை ஈரம் நடுவில் தங்கிவிடும். வெளியே பளபளவென்று இருந்த ஒரு கொத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நாலைந்து பழங்கள் பழுப்பாக நைந்து, மேலே சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. இந்தப் பூஞ்சணம் நிறத்தையும் கெடுத்துவிடும். எல்லாக் கொத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, 2 கிலோவைத் தூக்கி எறிந்தேன். போன வருடம் இதைச் செய்யாதது பெரிய தப்பு.

காம்பு நீக்கி, கையால் லேசாக நசுக்கி, கிருமிகளை அடக்க 1 கிராம் மெட்டாபைசல்ஃபைட் உப்பு போட்டேன். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.092 காட்டியது (சர்க்கரை கூடினால் எண்ணும் கூடும்), ஆல்கஹால் 12 சதவீதத்தைத் தாண்டும். பிஹெச் 3.85 (எண் கூடினால் புளிப்பு குறைவு). நெக்ரெட்டுக்கு இயல்பிலேயே புளிப்பு குறைவு, அதனால் 20 கிராம் டார்டாரிக் அமிலம் சேர்த்தேன். மறுநாள் ஈஸ்ட்.

செப்டம்பர் 24. நன்றாகப் பொங்குகிறது. மேலே மிதக்கும் தோலைக் காலையும் மாலையும் அமுக்கிவிடுகிறேன், மென்மையாக. வாளி மூடியைத் திறந்தவுடன் வயலெட்! அந்த ஒரு நொடிக்காகவே இன்னும் பத்து வருடம் இதைச் செய்யலாம்.

செப்டம்பர் 27. ஆறாம் நாள். ஹைட்ரோமீட்டர் 1.012. இன்னும் கொஞ்சம் நிறம் வரட்டுமே என்று மனசு இழுத்தது. சரி, வேண்டாம் என்று துணியில் வடித்துப் பிழிந்துவிட்டேன். சக்கையைக் கடைசிவரை முறுக்கவில்லை. 11 லிட்டர் கிடைத்தது.

அக்டோபர் 5. லேசாக அழுகிய முட்டை வாடை. வண்டலின் மேலேயே விட்டு வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் காற்றுப் பட இன்னொரு ஜாடிக்கு ஊற்றினேன். இரண்டே நாளில் வாடை போய்விட்டது. அப்புறம் விளிம்புவரை நிரப்பி ஏர்லாக் (உள்வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி) போட்டுவிட்டேன்.

மார்ச் 2. பாட்டிலில் அடைத்தாயிற்று, 13 பாட்டில். மிச்சம் ஒரு கிளாஸ் அளவு இருந்தது. போன வருட ஒயினைப் பக்கத்தில் வைத்து ருசித்தேன். இந்த வருடத்தது நிறத்தில் மெலிவு, விளிம்பில் ஊதா. மூக்கருகே கொண்டுபோகும்போதே பூ வருகிறது. வாயில் துவர்ப்பு கரடுமுரடாக இல்லை, முடிவில் அதிமதுரம். நெக்ரெட்டை நீண்ட காலம் சேமித்து வைக்கத் தேவையில்லை, இளசாக, 15 டிகிரிக் குளிர்ச்சியில் குடிப்பதுதான் சுகம். வரும் செப்டம்பரில் 5 கிலோவை மட்டும் நாலாம் நாளே பிழிந்து பார்க்கப் போகிறேன்.