சோராவில் நிறைந்த வாளி

ஜூன் 13, ஷில்லாங்

இராமநாதபுரத்தை விட்டுப் புறப்பட்டு இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. மழை பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. சிரபுஞ்சி என்ற பெயரைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாளிலிருந்து மனத்தில் கிடந்த ஆசை, பணி ஓய்வுக்குப் பிறகே கைகூடியிருக்கிறது. இங்குள்ளவர்கள் அந்த ஊரைச் சோரா என்றே சொல்கிறார்கள். நாளைக் காலை ஷேர் சுமோவில் போகிறோம்.

ஜூன் 14, சோரா

மழை இல்லை, மூடுபனிதான். 340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகாய் அருவிக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்றும், அதன் இரைச்சலைக் கேட்டோமே தவிர அருவியைக் காணவில்லை.

தங்கியிருக்கும் வீட்டில் ஒரு தாயும் அவருடைய கடைசி மகளும் இருக்கிறார்கள். இந்த மலையில் வாழும் காசி (Khasi) என்னும் பழங்குடி மக்களிடம் வீடு கடைசி மகளுக்கே சேரும். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. நாம் அக்கா என்பதுபோல் பெண்களை மரியாதையாக 'காங்' என்கிறார்கள்; நானும் அந்தத் தாயை அப்படியே அழைக்கிறேன். நுழைந்தவுடன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்குடன் நீட்டினார். மென்ற சிறிது நேரத்தில் காது வரை சூடேறியது.

ஜூன் 16, அதிகாலை

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் யாரோ பயறு இறைப்பது போலத் தொடங்கி, சற்று நேரத்தில் பக்கத்தில் படுத்திருந்த என் கணவர் பேசுவதே காதில் விழாத அளவுக்கு முழங்கியது. மின்சாரம் போய்விட்டது. எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. கைவிளக்கு வெளிச்சத்தில் குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு போய், இறவாரத்துத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மழை இறங்கும் இரவுகளில் அம்மா எங்கள் எல்லோரையும் எழுப்பி, அண்டா, குண்டான், தவலை என்று வீட்டிலுள்ள அத்தனை பாத்திரங்களையும் கூரையோரம் வரிசையாக வைக்கச் சொல்வார். கோடையில் வறண்ட ஊருணிக்குள் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் அள்ளி ஒரு குடம் நிரப்புவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். இங்கோ, வாளியை வைத்து நான் நிமிர்வதற்குள் அது வழிந்தது. கவிழ்த்துவிட்டு மறுபடியும் வைத்தேன், மறுபடியும் நிறைந்தது. நல்ல தண்ணீரை என் கையாலேயே தரையில் கொட்டியது என் வாழ்நாளில் அதுவே முதல் முறை. ஐந்தாறு தடவை அப்படிச் செய்திருப்பேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை, குடையோடு ஓடி வந்த கணவர் என் முகத்தில் விளக்கடித்தபோதுதான் உணர்ந்தேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தானும் வந்து மழையில் நின்றார்.

வங்காள விரிகுடாவிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று, வங்கதேசச் சமவெளியைத் தடையின்றிக் கடந்து, சுவர்போல் எழும் இந்த மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால்தான் இங்கு இப்படிப் பெய்கிறது. ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல்; 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை மட்டும் 26,461 மில்லிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் ஆண்டு முழுவதற்கும் 800 சொச்சம்தான். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தன் மழையை இறக்கிவிடுகிறது. எங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் கதி.

ஜூன் 16, மாலை

வெளியில் வாளி ஏன் இருக்கிறது என்று காங் மகள் மூலம் கேட்டார். ஊருணியையும் சிரட்டையையும் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ உள்ளே போய், நெற்றிப்பட்டை கட்டிய கூம்பு வடிவ மூங்கில் கூடை ஒன்றைக் கொண்டுவந்தார். பெய்த மழை சரிவில் ஓடிச் சமவெளிக்குப் போய்விடுவதால், குளிர்காலத்தில் சோராவிலும் தண்ணீர்ப் பஞ்சம் வருகிறது. அப்போது அவர் கேன்களை இந்தக் கூடையில் வைத்துத்தான் ஊற்றிலிருந்து சுமந்து வருகிறாராம். பட்டையில் நெற்றி படும் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அதை என் நெற்றியில் மாட்டி, முதுகில் கூடை சரியாக உட்காரும்படி இழுத்துவிட்டார். எங்கள் ஊரில் எப்படி என்று கேட்டதற்கு, சமையலறைப் பானையை இடுப்பில் வைத்துக் காட்டினேன். உடனே வாங்கித் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். அது நழுவ, நான் பிடித்துக்கொண்டேன்.

மழை இன்னும் விட்டபாடில்லை. வாளி இறவாரத்தின் கீழேதான் இருக்கிறது. நாங்கள் புறப்படும்வரை எடுக்க வேண்டாம் என்று காங் சொல்லிவிட்டார்.