சிவப்பு விளக்கில் நடுங்கிய ஆல்டிஸ்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சிக்னலில் என் கார் நின்றால் கியர் பக்கத்தில் வைத்த தே-ஓ (பால் இல்லாத தேநீர்) கப்பில் அலை அடிக்கும். அவ்வளவு நடுக்கம். ஏர்கானைப் போட்டுவிட்டு டி கியரில் பிரேக்கை மிதித்தபடி நின்றால், எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் 700இல் இருக்காமல் 500க்கு இறங்கி, அணையப்போகிற மாதிரி இருமி, மறுபடி ஏறும். புக்கிட் தீமா விரைவுச்சாலை ஏற்றத்தில் இன்னொரு கோளாறு: மிதித்தால் வண்டிக்கு விக்கல்.

2008இல் பதிவான டொயோட்டா ஆல்டிஸ். 2018இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். பழைய வண்டி என்பதால் வருடா வருடம் பரிசோதனை, சாலை வரியிலும் 50 விழுக்காடு கூடுதல். இவ்வளவு கட்டி வைத்திருப்பதை அவ்வளவு சுலபமாக விட மனசு வருமா? பரிசோதனைக்கு ஆறு வாரம் இருந்தது.

முதலில் போன பட்டறையில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எஞ்சின் மவுண்ட் போச்சு, பாஸ்" என்றார்கள். 380 வெள்ளி. மாற்றியபின் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் முள் இறங்குவது நிற்கவில்லை. மவுண்ட் அதிர்வைத் தாங்குகிற ரப்பர். எஞ்சின் ஏன் அதிர்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பப் போனபோது இன்ஜெக்டர் கிளீனிங், கியர்பாக்ஸ் சர்வீஸ் என்று பட்டியல் நீண்டது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குக் கொண்டுபோனால் பாதி விலை என்று நண்பர்கள் சொன்னார்கள். முக்கால் டேங்க் பெட்ரோலோடு கடற்பாலத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் ஐட்லிங்கில் (வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் நிலை) நடுங்கிக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

25 வெள்ளிக்கு, எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஒரு ஓபிடி புளூடூத் கருவி வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினேன். போனில் இரண்டு கோடு (code, கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது. பி0302: இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0171: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்ததில் ஒரு வாரம் போனது.

எங்கள் புளோக்கில் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கீழே காப்பிக்கடையில் பார்த்துச் சொன்னேன். "தம்பி, காசு செலவழிக்காம கண்டுபிடிக்கிற வழி இருக்கும்போது எதுக்கு சாமான் வாங்குற? ரெண்டாவது காயிலக் கழட்டி நாலாவதுல போடு. நாலாவதக் கழட்டி ரெண்டாவதுல போடு. கோடும் கூடவே நகருதான்னு பாரு" என்றார்.

காயில்தான் பிளக்கில் தீப்பொறி வரவைக்கும். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில். தலைக்கு ஒரு 10 எம்எம் போல்ட்தான். மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டினேன். எஞ்சின் விளக்கு இரண்டு தடவை மினுக்கியதும் காலை எடுத்துவிட்டேன். மினுக்கினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகிறது என்று அர்த்தம். அது பாழானால் காயில் விலையோடு முடியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பி0304. கோடு காயிலோடு நகர்ந்துவிட்டது! ஒரே ஒரு காயில், கூடவே நான்கு இரிடியம் பிளக் வாங்கிப் போட்டேன். விக்கல் அன்றே நின்றது.

நடுக்கம் நிற்கவில்லை. பி0171 போகவே இல்லை.

இந்த இடத்தில் கைகொடுத்தது கோடு இல்லை, ஃபியூவல் டிரிம் என்கிற எண். காற்றுக்கு ஏற்ப எஞ்சின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதை விழுக்காட்டில் காட்டும். ஐட்லிங்கில் கூட்டல் 19. ஆக்சிலேட்டரை மிதித்து 2500இல் பிடித்தால் கூட்டல் 5. அண்ணனுக்கு அந்த இரண்டு எண்ணே போதுமாக இருந்தது. ஐட்லிங்கில் த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடும் கதவு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சல் பலமாக இருக்கும். சின்ன ஓட்டை வழியாக நுழைகிற கள்ளக்காற்றே மொத்தக் காற்றில் பெரிய பங்காகிவிடும். த்ராட்டில் திறந்ததும் நல்ல காற்று வெள்ளமாக வருவதால் அது கணக்கிலேயே தெரியாது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் இதற்குத் தலைகீழாக, வேகத்தில்தான் எண் ஏறும்.

ஞாயிறு காலை இரண்டடி ரப்பர் குழாய்த் துண்டோடு வந்தார். ஒரு முனை காதில், மறு முனை எஞ்சின் மேல். டாக்டர் மாதிரி ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே வந்தவர் வால்வு கவர் ஓரத்தில் நின்று, "இங்க கேளு" என்று குழாயை என்னிடம் நீட்டினார். பாம்பு சீறுகிற மாதிரி மெல்லிய சத்தம். அங்கே தண்ணீர் ஸ்பிரேயால் லேசாக ஒரு புகை மாதிரி அடித்தார். சீறல் சட்டென்று அடங்கியது, முள் ஏறியது, ஐந்தாறு விநாடியில் பழையபடி இறங்கியது. கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதை அடிக்க அவர் விடவில்லை.

சீறியது பிசிவி குழாய். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வால்வு கவரிலிருந்து இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் பாதைக்கு, கொண்டுபோவது. மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி. கழற்றி வளைத்தால் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வாய் பிளக்கிறது. பல வருட எண்ணெய் ஆவியில் ஊறி, ரப்பர் வெல்லப்பாகு மாதிரி கையில் ஒட்டியது.

உபியில் ஒரு உதிரிபாகக் கடையில் அந்தக் குழாய் 18 வெள்ளி. போட்டபின் கோடை அழித்து மூன்று நாள் ஓட்டினேன். ஐட்லிங்கில் டிரிம் கூட்டல் 2. முள் 700இல் அசையாமல் நின்றது. பரிசோதனையில் புகைச் சோதனை உட்பட எல்லாம் முதல் தடவையே பாஸ்.

அண்ணன் காசு வாங்கவில்லை. தே தாரேயும் ரொட்டி பராட்டாவும்தான். பிறகு வண்டியில் என்னோடு ஒரு சுற்று வந்தார். ஹம்ப்பில் ஏறி இறங்கியதும் தலையைச் சாய்த்து, "முன்னாடி இடது பக்கம் லோயர் ஆர்ம் புஷ் தட்டுது தம்பி. எஞ்சின் ஆடின ஆட்டத்துல உனக்குக் கேட்டிருக்காது" என்றார்.